ஆய்வுகூடத்தின் முதற் பாடம்

விழா மலர்க்குழுவினர் ஒரு கட்டுரை வரைந்து தருமாறு எம்மைப் பணித்தபொழுது, சங்கப் பாடலையோ சமய இலக்கியத்தையோ பற்றி யாம் எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். தமிழாசிரியர் ஒருவர் மதுசார விளக்கையும் சோதனைக்குழாயையும் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பை விளைத்தல் கூடும். பிள்ளைகளுக்குப் பரிசோதனையின் அடிப்படைகளையும், ஆய்வுகூடத்தில் தம்மைக் காத்துக்கொள்ளும் முறைகளையும் கற்பித்தல் விஞ்ஞான ஆசிரியர்க்கே உரிய பணி என்று யாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பதை ஒரு மாணவன் எமக்குக் கற்பித்தான். அவன் கதையையும், அதன் வழியே யாம் அறிந்துகொண்டவற்றையும் பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய மூவர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதலிற் சொல்லை நோக்குவோம். அஃது எம் தொழில். அன்னையர் கீரை ஆய்வதைக் காணாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பழுத்த இலை, புழுவரித்த இலை, கீரையோடு கலந்து வந்த புல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் நோக்கிக் கையால் விலக்கி, நல்லவற்றை மட்டும் சட்டியில் இடுவர். சந்தையில் விற்றவர் நல்ல கீரை என்று கூறினார் என்பதற்காக ஆயாமற் சமைப்பவர் இலர். அவ்வாறு ஆய்தலே ஆய்வு. அது நிகழும் இடமே ஆய்வுகூடம். பிறர் கூற்றை அப்படியே ஏற்காது, தன் கண்ணால் நோக்கித் தெரிந்தெடுத்தல் என்னும் பொருள் அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. இதனை வகுப்பிற் பலமுறை கூறிய யாமே, ஆய்வுகூடத்தினுட் புகுந்தபொழுது மறந்துபோனோம்.

தொண்ணூற்றெட்டு

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோடு வெளிவந்த புதிதில், கடுகண்ணாவைக் கணவாய்க்கு அணித்தான சிறு பாடசாலை ஒன்றிற் பணியாற்றினோம். அங்கு விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்த ஒரு தவணையில், ஏழாம் வகுப்பின் விஞ்ஞான பாடவேளையையும் கவனிக்குமாறு எமக்குப் பணிக்கப்பட்டது. பாடநூலை முன்னாள் இரவிற் படித்துக்கொண்டு மறுநாள் வகுப்பிற்குச் செல்வோம்.

ஒரு நாள் நீரின் கொதிநிலையைக் காணும் பரிசோதனை. ஐந்து குழுவினர், ஐந்து முகவைகள், ஐந்து விளக்குகள். நீர் கொதித்தது. நான்கு குழுவினர் 100 பாகை செல்சியசு என்று எழுதினர். ஐந்தாங் குழுவில் ஒரு மாணவன் மட்டும் 98 என்று எழுதியிருந்தான். "மீண்டும் பார்" என்றோம். பார்த்தான், "தொண்ணூற்றெட்டுத்தான் ஐயா" என்றான். "நூலில் நூறு என்று இருக்கின்றது; நீ பார்த்த முறை பிழை, திருத்தி எழுது" என்றோம். அவன் அழிப்பானால் அழித்து 100 என்று எழுதினான். யாம் சிவப்பு மையாற் சரியிட்டோம்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் மீண்டும் நீர் காய்ச்ச நேர்ந்தது. அம்மாணவனிடம் இருந்த முகவை சூட்டில் வெடித்தது. கொதிநீர் அவன் முன்கையிற் சிந்தியது. ஆசிரியர் ஒருவர் பற்பசை பூசலாம் என்றார். பாடசாலைப் பணியாளராகிய முதிய அம்மையார் ஒருவர் அதனைத் தடுத்து, பிள்ளையைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று நெடுநேரம் நீரோட்டத்திற் கையைப் பிடித்திருந்தார். காயம் பெரிதாகவில்லை. பின்னர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கியபொழுது, முகவையின் அடியில் முன்னரே விரிசல் இருந்தமை புலனாயிற்று. "இதை நீ காணவில்லையா?" என்று கேட்டோம்.

"கண்டேன் ஐயா. நான் பார்த்தது பிழையாயிருக்கும் என்று நினைத்தேன்" என்றான்.

அவ்விடை எம்மைச் சுட்டது. அன்று மாலை, கண்டியில் விஞ்ஞானம் கற்பித்த நண்பர் ஒருவரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "பிள்ளை எழுதியதே சரி, அங்கே நீர் நூறிற் கொதிக்காது" என்றார்.

மலை கூறும் கணக்கு

நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்பது கடல்மட்டத்து வளியமுக்கத்திற்கு உரிய கூற்று. நம்மேல் உள்ள வளியின் பாரம் நீரின் மேற்பரப்பை அமுக்கிக்கொண்டிருக்கின்றது. நீருள் தோன்றும் ஆவிக்குமிழி அவ்வமுக்கத்தை எதிர்த்து நிற்கும் வலிமை பெறும்பொழுதே கொதித்தல் நிகழும். மலைமீது ஏற ஏற நமக்கு மேலுள்ள வளி குறைகின்றது, அமுக்கம் தளர்கின்றது, குறைந்த வெப்பநிலையிலேயே நீர் கொதிக்கின்றது. ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்திற்கு ஒரு பாகை குறையும் என்று கொள்ளலாம். கண்டியும் கடுகண்ணாவையும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளன. ஆதலின் இங்கு நீர் கொதிப்பது 98 பாகையைச் சற்றே கடந்த நிலையிலாகும். கொழும்பில் 100, இங்கு 98, நுவரெலியாவில் ஏறக்குறைய 94. நுவரெலியாவிற் பருப்பு வேகத் தாமதமாவதை அங்கு வாழும் இல்லத்தரசியர் நன்கு அறிவர்.

இஃது அறிஞர் அறியாத செய்தியன்று. வெப்பநிலை அளவீட்டிற்குத் தம் பெயரைத் தந்த அண்டர்ஸ் செல்சியசு 1742 ஆம் ஆண்டிலேயே கொதிநிலை வளியமுக்கத்தைப் பொறுத்தது என்று குறித்துள்ளார். தாவரவியலறிஞர் யோசப் ஊக்கர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளிற் பயணஞ் செய்தபொழுது, நீரைக் கொதிக்கவைத்து அதன் வெப்பநிலையைக் கொண்டே இடங்களின் உயரத்தைக் கணித்தார். அங்ஙனமாயின், எம் மாணவன் எழுதிய 98 என்னும் எண் வெறும் சரியான விடை மட்டுமன்று. அவன் தன்னையறியாமலே கடுகண்ணாவை மலையின் உயரத்தை அளந்துவிட்டான். அவ்வளவை யாம் அழிப்பித்தோம். ஏனைய நான்கு குழுவினரோ வெப்பமானியை நோக்கவேயில்லை; நூலை நோக்கினர்.

மறுநாட் காலை வகுப்பின் முன்னே நின்று, அம்மாணவன் கண்டதே சரி, ஆசிரியராகிய யாம் கூறியதே பிழை என்று அறிவித்தோம். அதன்பின் ஒரு வாரத்துள் விரிசல் விழுந்த பாத்திரங்கள் மூன்று எம் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவை அதுகாறும் எங்கே இருந்தன? பிள்ளைகளின் கண்முன்னேயே இருந்தன. கண்டதைக் கூறலாம் என்னும் துணிவே அதுகாறும் இல்லாதிருந்தது.

பரிசோதனையும் பாதுகாப்பும் இரு வேறு பாடங்கள் அல்ல என்பதை அன்று உணர்ந்தோம். உள்ளதை உள்ளவாறு கண்டு, கண்டதை அஞ்சாது உரைத்தலே இரண்டிற்கும் அடிப்படை.

பரிசோதனையின் படிகள்

பிள்ளைக்குப் பரிசோதனை கற்பிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. படிகளைத் தெளிவாகக் கற்பித்தால் அடுக்களைப் பொருள்களே போதும்.

முதற்படி வினா. பயறு முளைக்க ஒளி வேண்டுமா என்பது நல்ல வினா. ஏனெனில் அதற்குச் செய்து பார்த்து விடை காணலாம். இரண்டாம் படி கருதுகோள். பிள்ளை தன் ஊகத்தை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். மூன்றாம் படி, ஒன்றை மட்டும் மாற்றுதல். ஒரே அளவு பஞ்சு, ஒரே அளவு நீர், ஒரே வகைப் பயறு பத்துப் பத்தாக இரு கிண்ணங்களில் இட்டு, ஒன்றை ஒளியிலும் மற்றதை அருகிலேயே இருள் சூழ்ந்த பெட்டியிலும் வைத்தல் வேண்டும். நீரின் அளவையும் சேர்த்து மாற்றினால், வேறுபாட்டிற்குக் காரணம் ஒளியா நீரா என்று கூற இயலாது. நான்காம் படி, கண்டதை உடனுக்குடன் குறித்தல். ஐந்தாம் படி, மீண்டும் செய்தல்.

கருவியையும் ஐயுறலாம், ஆயின் அவ்வையத்தையும் சோதனையாலேயே தீர்த்தல் வேண்டும். 98 என்று காட்டிய வெப்பமானி பழுதோ என்று ஐயுற்றால், அதனை உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 காட்டுகின்றதா என்று பார்த்திருக்கலாம். யாம் அதனைச் செய்யவில்லை. நூலைக் காட்டி வாயடைத்தோம்.

நூலும் சிலவேளை பிழைபடும் என்பதற்கு மெழுகுதிரிப் பரிசோதனை நல்ல சான்று. நீருள்ள தட்டில் எரியும் மெழுகுதிரியை நிறுத்திக் கண்ணாடிக் குவளையாற் கவிழ்த்து மூடினால், சுடர் அணையும். நீர் குவளையுள் ஏறும். எரிந்துபோன ஒட்சிசனின் இடத்தை நீர் நிரப்புகின்றது, ஆதலின் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று நம்மிற் பலர் கற்றோம். அதே குவளையை மூன்று மெழுகுதிரிகள்மீது கவிழ்த்துப் பாருங்கள். நீர் முன்னையினும் உயர ஏறும். குவளையுள் இருந்த ஒட்சிசனோ மும்மடங்காகவில்லை. கூர்ந்து நோக்கினால், நீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பின்னரே விரைந்து ஏறுவதையும் காணலாம். சுடரின் வெம்மையால் விரிந்த வளியில் ஒரு பகுதி குவளையைக் கவிழ்க்கும்பொழுதே வெளியேறிவிடுகின்றது. எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்கும்பொழுது நீர் ஏறுகின்றது. ஒட்சிசன் முற்றாகத் தீருமுன்னரே சுடரும் அணைந்துவிடுகின்றது. மைக்கேல் பரடே இலண்டனில் இளையோர்க்காக 1848 ஆம் ஆண்டிலும், மீண்டும் 1860 ஆம் ஆண்டு இறுதியிலும், ஒரு மெழுகுதிரியையே பொருளாக வைத்துத் தொடர் விரிவுரைகள் நிகழ்த்தினார். எளிய பொருளையும் கூர்ந்து நோக்கும் கண் இருப்பின் அது வற்றாத பாடமாகும்.

கண்ணிழந்தோர் தந்த பாடம்

அப்பரடே ஆய்வுகூடத்தினுட் புகுந்த வரலாறே பாதுகாப்புப் பாடம் ஒன்றாகும். அவர் ஆசிரியராகிய அம்பிரி டேவி, 1812 ஆம் ஆண்டில் நைதரசன் முக்குளோரைட்டு என்னும் கொடிய பொருளை ஆராய்ந்தபொழுது அது வெடித்துக் கண்ணிற் காயமுற்றார். தமக்காக எழுத ஒருவர் தேவைப்படவே, புத்தகம் கட்டும் தொழிலில் இருந்த இளைஞர் பரடேயை அழைத்தார். அதே பொருளை முதலிற் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் தூலோன் ஒரு கண்ணையே இழந்தார். 1855 அளவில் உலகிற்கு அறிமுகமாகி, இன்றும் ஆய்வுகூட மேசைகளில் எரியும் சுடரடுப்பிற்குப் பெயர் தந்த உரோபேட்டு பன்சனும், ஆசனிக்குச் சேர்வை ஒன்று வெடித்தமையால் வலக்கண் பார்வையை இழந்தவர். ஆய்வுகூட விதிகள் பிள்ளைகளை அடக்குதற்கு எழுந்தவை அல்ல. இத்தகையோர் உடலில் எழுதப்பட்ட பின்னரே தாளில் எழுதப்பட்டவை.

ஆதலின் விதியை மட்டும் ஒப்புவிக்கச் செய்யாது, அதன் காரணத்தையும் கூறுதல் ஆசிரியர் கடன். காரணம் அறிந்த பிள்ளை ஆசிரியர் இல்லாத இடத்தும் விதியைக் காப்பான். இன்றியமையாத சிலவற்றைக் காரணத்தோடு கீழே தருகின்றோம்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். கையிற் பட்ட துளியைக் கழுவலாம். கண்ணிற் பட்ட துளி காத்திராது.

சோதனைக்குழாயைச் சூடாக்கும்பொழுது சரித்துப் பிடித்து, மெல்ல அசைத்துக்கொண்டே காட்டுதல் வேண்டும். அதன் வாய் எவர் முகத்தையும் நோக்கலாகாது. அடியில் மட்டும் சூடேறின் ஆவி திடீரென எழுந்து மேலுள்ள திரவத்தை வெளியே எறியும்.

செறிந்த சல்பூரிக்கமிலத்தை நீர்த்ததாக்கும் பணி ஆசிரியருடையது. எனினும் முறையைப் பிள்ளையும் அறிதல் வேண்டும். அமிலத்தையே நீருள் சிறிது சிறிதாகக் கலக்கிக்கொண்டு இடுதல் வேண்டும். நீரை அமிலத்துள் ஊற்றலாகாது. அமிலம் நீரினும் 1.84 மடங்கு அடர்த்தியானது. மேலே ஊற்றிய நீர் அமிலத்தின்மீது மிதந்து, இரண்டும் கலக்கும்பொழுது பிறக்கும் பெருவெப்பத்தாற் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு தெறிக்கும்.

மதுசார விளக்கு எரியும்பொழுது அதனுள் மதுசாரம் ஊற்றலாகாது. அதன் சுடர் வெளிறியது. வெயிலிற் கண்ணுக்கே புலப்படாது. அணைந்துவிட்டது என்று எண்ணி ஊற்றியவர் தீப்பட்டதுண்டு. ஊதி அணையாது, மூடியால் மூடி அணைத்தல் வேண்டும்.

எதனையும் சுவைத்துப் பார்க்கலாகாது. மணமறிய வேண்டின், புட்டியை மூக்கருகே கொணராது, அதன் வாயின்மேற் கையை வீசிச் சிறிதளவு ஆவியைத் தம்பால் வரச்செய்தல் வேண்டும்.

நீராற் சுட்டாலும் நெருப்பாற் சுட்டாலும், குளிர்ந்த குழாய் நீரோட்டத்தில் 20 நிமிடம் பிடித்தல் வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், கட்டிய நூல் ஆகியவற்றை வீங்குமுன் அகற்றுக. பற்பசை, நெய், பனிக்கட்டி எதனையும் இடலாகாது. அம்முதிய அம்மையார் செய்ததே இன்றைய மருத்துவமும் கூறும் முறையாகும். கண்ணில் அமிலமோ காரமோ பட்டால், இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தூய நீராற் கழுவி, தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்க.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். உடைந்த வெப்பமானியின் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியோர் நம்மிற் பலர் இருப்போம். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது மூளையையும் நரம்பையும் கெடுப்பது. 2013 ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாத்தா உடன்படிக்கையின்படி, பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியை 2020 உடன் நிறுத்துவதென முடிவாயிற்று. கம்பி வலையின் நடுவே வெண்மையாகப் பூசப்பட்டிருந்த கல்நாரும் நுரையீரலுக்குக் கேடு விளைப்பது. இவ்விரண்டும் பழைய அலுமாரிகளுள் இன்னும் இருத்தல் கூடும். காணின் தொடாது ஆசிரியரிடம் கூறுக. சிந்திய பாதரசத்தைத் தும்புத்தடியாற் கூட்டலாகாது. சாளரங்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்புக.

தமிழாசிரியர் கடன்

புட்டியின்மேல் ஒட்டிய சீட்டு பிள்ளைக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் இரசாயன நூலொன்று "கெமிஸ்தம்" என்னும் பெயரில் 1875 ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. அத்துணை நெடிய வழியுடைய நாம், இன்றும் பிள்ளை வாசித்தறியாத சீட்டோடு அமிலப் புட்டியை அவன் கையிற் கொடுத்தல் முறையன்று. ஐக்கிய நாடுகள் 2003 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட அபாயக் குறியீடுகள், சிவந்த விளிம்புடைய சாய்சதுரங்களாக, இப்பொழுது புட்டிகளில் காணப்படுகின்றன. கைமீதும் உலோகத்தின்மீதும் துளி விழுந்து அரிப்பதைக் காட்டும் படம் அரிக்கும் பொருளைக் குறிக்கும். எழுத்துக் கற்பிப்பது போலவே இக்குறியீடுகளையும் கற்பிக்கலாம். அதனைத் தமிழ்ப் பாடவேளையிலும் செய்யலாம்.

முடிவுரை

கடுகண்ணாவையில் 2014 ஆம் ஆண்டிறுதியில் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய நீராவிப் பொறிகளைக் காணலாம். அத்தகைய பொறிகளே ஒரு காலத்தில் அம்மலையேற்றத்தில் வண்டிகளை இழுத்தன. அவற்றின் கொதிகலத்தின்மேற் பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். உள்ளே அமுக்கம் அளவை மீறுமிடத்து அது தானே திறந்து, ஆவியை உரத்த ஒலியோடு வெளியே விடும். அவ்வொலி செவிக்கு இனியதன்று. எனினும் அதனை அடைத்தவன் கொதிகலத்தையே இழப்பான். வகுப்பில் "ஐயா, இது நூலில் உள்ளவாறு இல்லையே" என்று எழும் குரலும், "ஐயா, நான் உடைத்துவிட்டேன்" என்று எழும் குரலும் அத்தகையன.

ஆதலின் ஆசிரிய அன்பர்களை வேண்டுவது இது: எதிர்பாராத எண்ணை எழுதிய பிள்ளையின் புள்ளியைக் குறைக்குமுன், அவனோடு சேர்ந்து வெப்பமானியை ஒருமுறை நோக்குங்கள். உடைத்ததை வந்து கூறிய பிள்ளையைத் தண்டியாதீர்கள். பழைய மாணவர்களை வேண்டுவது: கல்லூரிக்கு நன்கொடை நல்கும்பொழுது, பாதுகாப்புக் கண்ணாடிகளையும், மதுசார வெப்பமானிகளையும், மணல் வாளிகளையும், தீயணைக்கும் கம்பளத்தையும் மறவாதீர்கள். மாணவச் செல்வங்களை வேண்டுவது: கண்டதை எழுதுங்கள், எழுதியதை அச்சத்தால் அழியாதீர்கள்.

முன்கையில் அத்தழும்பை உடைய அம்மாணவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். எங்கு உளன் என்பதை அறியோம். இம்மலர் எவ்வழியேனும் அவன் கைக்கு எட்டுமாயின், அன்று அவனுடைய கொப்பியிற் சிவப்பு மையால் இட்ட சரியை இவ்விடத்தில் அடித்துவிட்டு, அழிக்கப்பட்ட 98 இன் அருகே மீண்டும் இடுகின்றோம்.

நம் கல்லூரி நீடு வாழ்க.